பெலிக்கன் முனையின் பழைய ஆள்

அந்த நெட்டை மனிதன் கென்ரிக்கைக் கட்டிப்பிடித்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கியேவிட்டான்.

"கென்ரிக் சார்! வந்துட்டீங்களா! எத்தனை வருஷமாச்சு!"

கென்ரிக்கின் கால்கள் அந்தரத்தில் ஆடின. அதைவிட அதிகமாக அவர் மனசு ஆடியது. யார் இவன்?

ட்ரினிடாடில், சான் ஃபெர்னாண்டோவில் காப்பீட்டு அலுவலக வேலை கென்ரிக் லாஷ்லிக்கு. ஒரு காலத்தில் ஈஸ்டர் விடுமுறை வந்தால் போதும், கப்பல் ஏறிப் பக்கத்துத் தீவான டொபேகோவுக்கு வந்துவிடுவார். அங்கே ஸ்பேசைட் கிராமத்தில் இந்தப் பெலிக்கன் முனை ரிசார்ட்தான் அவருக்குக் கோயில். மூச்சுக்காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினால் ஆபீஸ், வாடகை, மேலதிகாரி எல்லாம் மேலேயே நின்றுவிடும். பிறகு முழங்கால் ஆபரேஷன், அதன்பின் ஊரடங்கு, அதன்பின் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கல்யாணம் என்று எட்டு வருஷம் ஓடிப்போனது.

புது மனைவி வெர்லின் கப்பல் ஆட்டத்தில் முகம் வெளுத்துப்போய்ப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்குக் கடல் என்றாலே ஆகாது. "வந்து பாரு, அங்க நான் ராஜா மாதிரி. அந்த ஊர் நாய்க்குக்கூட என்னைத் தெரியும்" என்று வழியெல்லாம் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார். யாருக்காவது தன்னை ஞாபகம் இருக்குமா என்பதுதான் வழியெல்லாம் அவருக்கு இருந்த பயம்.

நடந்ததோ நேர்மாறு. எல்லோருக்கும் அவரை ஞாபகம் இருந்தது. அவருக்குத்தான் ஒருவரையும் ஞாபகம் இல்லை.

மேனேஜர் மேடம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். "உங்களை மறக்க முடியுமா சார்!" சமையற்கட்டு ஜன்னலிலிருந்து ஒரு குண்டு அம்மாள் கரண்டியை ஆட்டினாள். "இன்னைக்கு உங்களுக்குப் புடிச்ச நண்டும் டம்ப்ளிங்கும்தான்!" அது நிஜமாகவே அவருக்குப் பிடித்த சாப்பாடு. டொபேகோவில் அது பிடிக்காத மனிதன் யார் என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முப்பது வருஷமாக முடிவெட்டிய ஆளைப் பார்த்து, "தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். அடுத்த வருஷம் கண்ணாடியைப் பார்த்து அதையே கேட்டார்.

"யாருங்க இந்த நெட்டை?" என்று வெர்லின் காதில் கிசுகிசுத்தாள்.

கென்ரிக் மூளையைக் கசக்கினார். அதற்குள்ளிருந்து ஒரே ஒரு பெயர் விழுந்தது. கடலுக்குள் வழிகாட்டியாக வரும் பாய்சி.

"என்ன அப்படிக் கேட்டுட்டே? நம்ம பாய்சி!"

நெட்டை மனிதன் எச்சில் விழுங்கினான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ஆமா, பாய்சியேதான்!"

அப்பாடா என்று இருந்தது கென்ரிக்குக்கு. அந்த நிம்மதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போகும்வரைதான் நீடித்தது. அறை வாசலில் பாய்சி குனிந்து நுழைந்தான். அவருக்கு நினைவிருந்த பாய்சி அவர் தோளுக்குத்தான் வருவான். முன்பல் ஒன்று தங்கம்.

"பாய்சி, நீ கொஞ்சம் வளந்துட்டியோ?"

"கடக்காத்து சார்" என்றான் அவன், சற்றும் சளைக்காமல்.

"அந்தத் தங்கப் பல்லு?"

"தங்கம் விக்கிற விலையில வாயில வெச்சுக்க முடியுமா சார்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதே நேரத்தில் வாசலில் யாரோ, "ஏய் அகீம், படகுக்கு டீசல் ஊத்தியாச்சா?" என்று கத்தினார்கள். பாய்சி திரும்பிப் பார்த்தான்.

"அகீமா?" என்றார் கென்ரிக்.

"வீட்டுல கூப்பிடற பேரு சார். மறந்துட்டீங்களா?"

"சேச்சே, மறப்பேனா!"

சாப்பாட்டு மேசையில் நிலைமை இன்னும் கெட்டது. மேடம் வெர்லின் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளு. அந்தத் தடவை நடந்ததை நாங்க யாராவது மறக்க முடியுமா?" என்றாள்.

"மறக்கவே முடியாது" என்றார் கென்ரிக் உறுதியாக.

"என்ன நடந்துச்சு?" என்றாள் வெர்லின்.

மேடம் கென்ரிக்கைப் பார்த்தாள். கென்ரிக் மேடத்தைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க சார். நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்."

இந்த இக்கட்டில் என்ன செய்வது? கென்ரிக் ஒரு யானைத் திருக்கை மீனைக் கதைக்குள் இறக்கிவிட்டார். அது தன் காலைச் சுற்றி வந்தது என்றார். "சுத்தியா வந்துச்சு? அடிச்சுதே சார்!" என்றான் பாய்சி. "எவ்வளவு பெருசு அது! இந்த மேசை இருக்கும்" என்றாள் மேடம். சோறு பரிமாறுவதற்குள் திருக்கை மேசையளவு ஆனது. நண்டு தீருவதற்குள் கூரையளவு ஆனது. கடைசியில் கென்ரிக் அதன் அடியிலிருந்து ஒரு பயணியை இழுத்துக் காப்பாற்றியிருந்தார். சமையல்காரம்மா ஃபிலோமின் எட்டிப் பார்த்து, "அன்னைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்!" என்று மூக்கைச் சிந்தினாள்.

வெர்லின் புருஷனைப் பார்த்த பார்வையில் கல்யாணத்தன்றுகூட இல்லாத ஒளி இருந்தது.

கென்ரிக்கோ காலித் தட்டைப் பார்த்து யோசித்தார். அந்தத் திருக்கையை அவர் அந்த நிமிஷம்தான் கற்பனையில் பிடித்தார். அப்படியிருக்க, இவர்கள் எல்லோருக்கும் அது எப்படி ஞாபகம் இருக்கிறது? தான் சொன்னது பொய்யா, இல்லை மறந்துபோன உண்மையா? அப்பாவுக்கு இந்தக் கட்டம் இரண்டாவது வருஷம்தான் வந்தது.

சரி, முகங்கள் போகட்டும். கடல் மறக்காது என்று தீர்மானித்துக்கொண்டார். கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு. அதை ஒட்டித் தண்ணீருக்கடியில் மனித மூளை மாதிரியே மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய பவளப்பாறை உண்டு. அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். நேராக அதற்குப் போய்விட்டால் தன் மூளையும் சரியாக இருக்கிறதென்று அர்த்தம்.

காலையில் படகு கிளம்பியது. கடலே ஆகாத வெர்லின், வீரனின் மனைவி என்பதால், படகின் விளிம்பைப் பிடித்தபடி கூடவே வந்தாள்.

சிலிண்டரை மாட்டிக்கொண்டு கென்ரிக், "பாய்சி, நீ முன்னாடி போ" என்றார்.

"ஐயோ சார், நீங்க இருக்கும்போது நான் முன்னாடி போறதா? இந்தக் கடல் உங்க வீட்டுக் கொல்லை. நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன்."

"இல்ல, இல்ல, நீதான்..."

"திருக்கைகிட்டயே மோதினவராச்சே!" என்றாள் வெர்லின் பெருமையாக.

அதற்கு மேல் என்ன பேசுவது? குதித்தார்.

கீழே நீலம். பழைய சந்தோஷம் ஒரு கணம் தலைகாட்டியது. இடது பக்கம்தான் என்று நினைத்து இடது பக்கம் போனார். மூளைப் பவளம் இல்லை. வலது பக்கம் போனார். அங்கும் இல்லை. திரும்பி, கையை விரித்து, 'எங்கே?' என்று கேட்டார். பாய்சியும் கையை விரித்தான். இவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி 'எல்லாம் சரி' என்றார். அவனும் இரண்டு கையாலும் வளையம் காட்டினான். அதற்குள் நீரோட்டம் இருவரையும் சந்தைக் கூட்டம் மாதிரி தள்ளிக்கொண்டு போனது.

மேலே வந்து பார்த்தால் தீவைக் காணோம், படகையும் காணோம். வஞ்சிரம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர்தான் இருந்தார்.

"என்னப்பா, கிரெனடா தீவுக்கா? அதுக்குக் கப்பல் இருக்கே!" என்று கேட்டுவிட்டு இருவரையும் மீன் குவியல்மேல் இழுத்துப் போட்டார்.

ரிசார்ட் துறையில், தேடிவிட்டுத் திரும்பிய படகருகே வெர்லின் அழுதுகொண்டு நின்றாள். பாய்சி யார் முகத்தையும் பார்க்காமல் சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு நழுவினான். மீன் செதில் ஒட்டிய முகத்தோடு கென்ரிக் அவளைச் சாப்பாட்டுக் கூடத்தின் மூலைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"வெர்லின், உன்கிட்ட மறைக்கக் கூடாது. எனக்கு அப்பாவோட வியாதி வந்துருச்சு."

"என்ன உளர்றீங்க?"

"இங்க ஒரு முகங்கூட எனக்கு ஞாபகமில்ல. பாய்சி ரெண்டடி வளந்து நிக்கிறான். நடக்காததெல்லாம் நடந்துச்சுங்கிறாங்க, எனக்கும் நடந்த மாதிரியே இருக்கு. அந்த மூளைப் பாறையக் காணோம். என் மூளையையும் காணோம்."

வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதனால என்ன? தெனம் காலையில நான் யாருன்னு நானே சொல்றேன். கல்யாணத்துக்கு உங்கக்கா என்னைப் பேசின பேச்சு உங்களுக்கு மறந்துபோனா எனக்கும் நல்லதுதான்."

கென்ரிக் அவளையே பார்த்தார். இந்த ஒரு முகம் போதும், மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்று நினைத்தார். "நாளைக்கே கப்பல் ஏறி, போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல பெரிய டாக்டரைப் பார்த்துடலாம்" என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

அப்போது சமையற்கட்டிலிருந்து ஃபிலோமின் வந்தாள். ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தபடி, மேடம் பக்கத்தில் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, கென்ரிக்கின் காதருகே குனிந்தாள்.

"சார், குழாயில தண்ணி நின்னுபோச்சு, திரும்பி வர்றவங்க யாரா இருந்தாலும் பதிவேட்டுல பேரைப் பாத்துக் கட்டிப்பிடிங்க, அவங்க என்ன சொன்னாலும் ஆமா போடுங்கன்னு மேடம் சொன்னதுக்காகச் செஞ்சோமே தவிர, நாங்க அத்தனை பேரும், மேடமும் சேர்த்து, போன வாரந்தான் இங்க வேலைக்கு வந்தோம், இங்க பழைய ஆளு நீங்க ஒருத்தர்தான், அந்தத் தண்ணித் தொட்டி வால்வு எங்க இருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்?"