கலைக்கறதுன்னா நான் கலைப்பன்

ஓசூர் தொழிற்பேட்டையில் அதிக முறை வேலைக்குச் சேர்ந்த மனிதர் பிரேக் அண்ணன்தான். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அத்தனை முறையும் ஒரே கம்பெனியில், ஒரே மெஷினில் சேர்ந்தார் என்பதுதான் விசேஷம்.

தொண்ணூறுகளில் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு 'பிரேக்' என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தற்காலிகத் தொழிலாளி குறிப்பிட்ட நாள்வரை விடாமல் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்பான். அதனால் அந்த நாள் நெருங்கும்போது, "கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் புது டோக்கன், புது ஆள், ஆரம்பச் சம்பளம். பழைய சர்வீஸ் சிலேட்டில் எழுதியதுபோல அழிந்திருக்கும். அண்ணன் இப்படி எத்தனை தரம் அழிக்கப்பட்டார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. பெற்றோர் வைத்த பெயரும் அப்படித்தான் எங்கோ அழிந்துபோயிற்று.

ஒவ்வொரு முறை சேரும்போதும் புதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாதுகாப்பு வகுப்பு கேட்க வேண்டும். ஒருமுறை வகுப்பெடுத்தவர், "புதுசா சேர்ந்தவங்க கை தூக்குங்க" என்றாராம். அண்ணன் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார்.

"எதுக்குய்யா ரெண்டு கை?"

"ஒண்ணு இந்தத் தடவைக்கு சார். இன்னொண்ணு அடுத்த தடவைக்கு. அப்பறம் ஒரு வேலை மிச்சம்."

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்தோம். அண்ணன் ஜவளகிரிக்காரர். கன்னடத்தில் திட்டுவார், தமிழில் சமாதானம் பேசுவார். நாகராஜ் கெலமங்கலம், வீட்டில் தெலுங்கு. எங்களில் நிரந்தர வேலையில் இருந்தவன் அவன் ஒருவன்தான். ஆகவே பொறுமையின் சிறப்பைப் பற்றி அடிக்கடி பேசுவான். அல்போன்ஸ் திருநெல்வேலிப் பக்கம். நான் சேலம், ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்போன்ஸ் பெங்களூர் சந்தையிலிருந்து பழைய டி.வி. கேம் ஒன்றை வாங்கி வந்தான். கூட ஒரே ஒரு கேசட். போட்டால் எல்லாம் ஜப்பான் எழுத்து. மீசை வைத்த ஒரு வீரன் கையில் வாளோடு காட்டோரத்தில் நின்றான். தன் தாய்மாமன் ஜாடை என்று அண்ணன் அவனுக்கு மாரப்பன் என்று பெயர் வைத்தார். மாரப்பன் காட்டுக்குள் போய் நத்தை அடிக்க வேண்டும். நத்தை நத்தையாக அடித்தால் ஒரு லெவல் ஏறுவான். பல லெவல் ஏறினால் வௌவால் அடிக்கலாம். கடைசியில் மூன்று கொம்பு அரக்கன் ஒருவன் மலைமேல் காத்திருந்தான். இப்படிச் சலிக்கச் சலிக்க ஒன்றையே அடித்துக்கொண்டிருப்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'கிரைண்டிங்' என்கிறார்கள். அண்ணனுக்குக் கம்பெனியில் வேலையே கிரைண்டிங்தான். ஷிப்ட் முழுக்கச் சாணைக்கல்லில் இரும்பைத் தேய்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் நத்தையைத் தேய்க்க உட்காருவார்.

மாரப்பன் முதல் முறை கலைந்தது அல்போன்ஸால். வழியில் ஒரு குகையில் தாடிக்காரச் சாமியார் ஒருவர் ஏதோ கேட்பார். பதில் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. நாங்கள் எப்போதும் கீழே உள்ளதை அமுக்கிவிட்டு ஓடிவந்துவிடுவோம். அல்போன்ஸ் மேலே உள்ளதை அமுக்கினான். பளிச்சென்று ஒரு வெளிச்சம். மாரப்பன் குட்டிப் பையனாக நின்றான். மீசை போயிருந்தது. லெவல் ஒன்று.

"பாவி! என் மாமனை என்னாடா பண்ண?" என்று அண்ணன் எழுந்தார்.

"அண்ணாச்சி, சாமியாரு மரியாதையா கேட்டாரு. நா சரின்னுட்டேன். அதுக்கு இப்படிப் பண்ணுவாருன்னு கண்டேனா?"

அன்று அல்போன்ஸுக்குச் சோறு போடக் கூடாது என்று நாகராஜ் தீர்ப்புச் சொன்னான். ஆனால் சிறுவன் மாரப்பனை நத்தையோடு விட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. முன்பைவிட வேகமாக வளர்ந்தான். போன பிறவியில் எட்டாத பலம் இந்தப் பிறவியில் எட்டியது. சாமியார் சும்மா கலைக்கவில்லை. கலைத்தால் ஒரு கூலி கொடுக்கிறார். அதிலிருந்து எங்கள் அறையில் ஒரே சண்டைதான். எப்போது கலைப்பது?

நாகராஜ் பொறுமைக் கட்சி. "இன்னும் ஒரு லெவல் ஏறட்டும் ரா. ஏறினத எதுக்கு எறக்கணும்?"

அண்ணன் கலைக்கிற கட்சி. அவர் சாஸ்திரம் சாணைக்கல்லிலிருந்து வந்தது. ஓடிக்கொண்டே இருக்கிற கல் ஒரு கட்டத்தில் வழுவழுப்பாகிவிடும். வெட்டாது, இரும்பைச் சுட மட்டும் செய்யும். அப்போது வைரமுனை வைத்து மேல்தோலைச் சுரண்ட வேண்டும். அதற்கு டிரெஸ்ஸிங் என்று பெயர். கல் கொஞ்சம் சிறுத்துப்போகும், ஆனால் மறுபடி வெட்டும்.

"சத்தம் மாறுச்சுன்னா டிரெஸ் பண்ணிடணும். மாரப்பன் சத்தம் மாறிடுச்சு."

"டி.வி.ல என்னா சத்தம் மாறுது உனக்கு?"

"உனக்குக் கேக்காது. நீ பெர்மனென்ட்டு."

சாஸ்திரம் சரியாகவே இருந்திருக்கலாம். அவருடைய காதைத்தான் நம்ப முடியவில்லை. அரக்கன் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த ஒரு நாள், மாரப்பனைப் பாதிச் சண்டையில் ஓட வைத்துச் சாமியாரிடம் கூட்டிப்போனார். இன்னொரு நாள் அல்போன்ஸ் டீ குடிக்கக் கீழே போனான். போகும்போது மாரப்பன் மீசையோடு கவசம் போட்டிருந்தான். வந்து பார்த்தால் அரைஞாண் கட்டுகிற வயது.

"அண்ணாச்சி, ஒரு டீக்குள்ள கலைச்சுப்புட்டீரேவே!"

"நீ ரெண்டு டீ குடிச்சிருப்ப."

இனி நான்கு பேரும் ஒப்புக்கொள்ளாமல் யாரும் மாரப்பனைக் கலைக்கக் கூடாது என்று நான் ஒரு விதி கொண்டுவந்தேன். மூன்று கை தூக்கப்பட்டது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஓட்டெல்லாம் வேற எங்கயாச்சும் வெச்சுக்கங்க. கம்பெனியில என்னைக் கலைக்கறானே, அப்ப எவனாச்சும் ஓட்டு வெச்சானா? என்னைக் கேட்டானா? இந்தச் சாமியாரு ஒருத்தருதான்டா கேட்டுட்டுக் கலைக்கறாரு. அவரு கேக்கறப்ப பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்குது."

தூக்கிய மூன்று கையும் இறங்கின. விதி ரத்தாயிற்று.

அடுத்த பிரேக் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை சூப்பர்வைசர் அவர் தோளில் கைபோட்டு, "இது கடைசி பிரேக்குப்பா. போயிட்டு வா, அடுத்த ரவுண்டுல பெர்மனென்ட் பண்ணிடலாம்" என்று சொல்லியிருந்தார். போன முறையும் அதையேதான் சொன்னார். அப்போது தோளில் கைபோடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாகராஜ் மட்டும் உற்சாகமாக இருந்தான். "இன்னும் ஒரு தடவை பொறுத்துக்கோ அண்ணா. ஏறின எடத்த விட்டுட்டு எறங்காத." மாரப்பனுக்குச் சொன்னதையே இவருக்கும் சொன்னான். அண்ணன் நத்தை அடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் விடுமுறையாக வாய்த்த ஒரு மத்தியானம் அது நடந்தது. மாரப்பன் மலை ஏறினான். பொத்தான் பெட்டியை அண்ணன் பிடித்திருந்தார். மருந்துப் புட்டியை எப்போது திறப்பது என்று நாகராஜ் கத்தினான். அல்போன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான். முதல் கொம்பு உடைந்தது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது உடைந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார். வந்தவரையும் கட்டிப்பிடித்தோம்.

திரையில் பூ மழை. ராஜா வந்து மாரப்பனுக்கு மாலை போட்டார். ஜப்பான் எழுத்து கீழிருந்து மேலே ஓடியது. பிறகு திரை இருட்டானது. வெளிச்சம் வந்தபோது அதே காட்டோரம், அதே நத்தை. மீசையில்லாத சின்னப் பையன் நின்றான். லெவல் ஒன்று. சாமியாரைக் காணோம். கலைக்கட்டுமா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

"இன்னொரு ரவுண்டு போல இருக்கு" என்றான் நாகராஜ்.

அண்ணன் பொத்தான் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"ஜெயிச்சப்பறமும் கலைக்கறானே! கேக்காமயே கலைச்சுட்டான் பாரு! இவனும் அதே கம்பெனிதான்டா!"

பிறகு கன்னடத்தில் சிலது சொன்னார். வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப்போனார்.

மறுநாள் காலை அண்ணன் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். மெஷினுக்குப் போகாமல் நேராகச் சூப்பர்வைசர் மேஜைக்குப் போய் டோக்கனை வைத்தார். அங்கே நடந்ததை அவரே பிறகு எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"என்னய்யா, பிரேக்குக்கு இன்னும் நாள் இருக்கே?"

"தெரியும் சார். அதான் இன்னிக்கே வந்தன். நீங்க கலைக்கற அன்னிக்கு நான் கலைய மாட்டன். கலைக்கறதுன்னா நான் கலைப்பன்."

"பெர்மனென்ட் ஆகப்போற நேரத்துல முட்டாள்தனம் பண்ணாத."

"சத்தம் மாறிடுச்சு சார்."

சூப்பர்வைசர் எழுந்து, மெஷின் பக்கம் திரும்பிக் காதைத் தீட்டினாராம். "ஒண்ணும் மாறலையே?"

"உங்களுக்குக் கேக்காது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அறையில் நாகராஜ்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அன்று முழுக்க முட்டாள், பைத்தியம், கழுதை என்று மூன்று மொழியிலும் அண்ணனைத் திட்டினான். திட்டி முடித்ததும் பஸ் ஏறிக் கெலமங்கலம் போனான். தன் சித்தப்பாவின் காலித் தகரக் கொட்டகையைப் பேசி முடித்துவிட்டுத்தான் திரும்பினான். "பொறுமையா இருக்கணும்னு சொன்னேன். தெருவுல இருக்கணும்னு சொல்லலையே" என்றான்.

அந்தக் கொட்டகையில் ஒரு பழைய சாணை மெஷினை வைத்து, கம்பெனிகளுக்கு டூல் தீட்டிக் கொடுக்கும் பட்டறையை அண்ணன் ஆரம்பித்தார். தொடக்கத்தில் நத்தை வேகம்தான். பல நாள் மெஷின் சும்மாவே நின்றது. அவர் அசரவில்லை; போன பிறவியின் பலம் கையில் இருந்தது. பட்டறை இன்றும் ஓடுகிறது. வாசலில் 'பிரேக் இன்ஜினியரிங்' என்று பெரிய போர்டு. லாரிக்காரர்கள் பிரேக் பார்க்கச் சொல்லி வந்து நிற்கிறார்கள்.

"பேரை மாத்தித் தொலைங்களேன் அண்ணா" என்றேன் ஒருமுறை.

"அந்தக் கம்பெனிக்காரன் குடுத்த பிரேக்கு. போர்டுல தொங்கட்டும். அந்தப் பக்கமா கார்ல போறப்பெல்லாம் படிக்கட்டும்."

நான் சேலத்துக்கே திரும்பிவிட்டேன். வருடத்துக்கு ஒரு தரமாவது கெலமங்கலம் போய்வருகிறேன். வெறுங்கையோடு போனால், "எதுக்கு வந்த?" என்று கேட்பார்; பார்க்க வந்தேன் என்றால் சிரிப்பார். அதனால் வீட்டுக் கத்தி ஒன்றைத் தீட்டக் கொண்டுபோவது வழக்கம். அண்ணன் தீட்டிய கத்திக்கு அவ்வளவு சீக்கிரம் கூர் போகாது. ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் துணி துவைக்கிற கல்லில் அதைத் தேய்த்து, நானே மழுங்க வைத்துக்கொள்கிறேன்.