பதிமூன்று டிகிரி ஜெபசீலன்

மாடம்பாக்கம் ஜெபசீலன் வாழ்க்கையில் பெரிய முடிவு எதுவும் எடுத்தவர் இல்லை. காலையில் போடுகிற சட்டையைக்கூட மனைவி யூனிஸ்தான் எடுத்து வைப்பாள். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் திடீரென்று சீஸ் செய்வது என்று முடிவெடுத்தார். கடையில் டப்பாவில் விற்கிற சீஸ் இல்லை. வாரக்கணக்கில் பழுக்கவைத்துச் சாப்பிடுகிற வெளிநாட்டுச் சீஸ்!

எல்லாம் சம்பத்தால் வந்தது. குரோம்பேட்டை கம்பெனி ஒன்றில் ஜெபசீலனுக்கு ஸ்டோர்ஸ் வேலை; அங்கே சம்பத்தான் மேனேஜர். ஹாலந்துக்கு ட்ரெய்னிங் போய்வந்தவர், ஆளுக்கு ஒரு நகத்தளவு சீஸ் கொடுத்தார். கொடுத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். "நல்லா ருசிச்சுக்குங்கப்பா. இதெல்லாம் நம்ம ஊர்ல வரவே வராது" என்றார்.

"ஏன் சார் வராது? கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வாங்க. நான் செஞ்சு தர்றேன்!"

பேசியது ஜெபசீலனின் வாய். மூளை அப்போது கேன்டீனில் டீ குடிக்கப் போயிருந்தது.

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. சம்பத் சிரிக்கவில்லை. பாலைத் திரிக்கிற மாத்திரைகளையும், செய்முறைப் புத்தகத்தையும் மறுநாளே மேஜைமேல் வைத்து, "வர்றேன்" என்றார். இனி பின்வாங்கினால் ரிட்டயர் ஆகிறவரைக்கும் 'சீஸ் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வாரமே மீன்பாடி வண்டியில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. ஒற்றைக் கதவு, பச்சை நிறம், கைப்பிடிக்குக் கீழே பூட்டு. கல்யாணமான நாளிலிருந்து ஃபிரிட்ஜ் கேட்டுக்கொண்டிருந்த யூனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டிபோட்டு ஜெபம் பண்ணினாள். எழுந்த கையோடு இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நில்லு! இது ஃபிரிட்ஜ் இல்ல."

"பின்ன என்னங்க, பீரோவா?"

"சீஸ் அறை. உள்ளே எப்பவும் பதிமூணு டிகிரி இருக்கணும். எண்பத்தஞ்சு பர்சென்ட் ஈரப்பதம் இருக்கணும். மாவு கீவு வச்சா எல்லாம் போச்சு."

"ஒரு சொம்பு தண்ணியாவது வச்சுக்கறேனே. ஜில்லுனு குடிக்கலாம்."

"அடிக்கடி திறந்தா டெம்பரேச்சர் போயிடும் யூனிஸ்!"

"அப்போ எனக்கு?"

"சீஸ் சரியா வரட்டும். அப்புறம் பேசிக்கலாம். இந்த ஃபிரிட்ஜ் இல்லாம சீஸ் வராது. சீஸ் வராட்டி என் மானம் போயிடும். உனக்கு எது முக்கியம்?"

யூனிஸ் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். ஜெபசீலனுக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

தெருக்கோடியில் மாடு வைத்திருக்கும் சாமுண்டீஸ்வரி ஒரு அண்டா பால் கொண்டுவந்து ஊற்றினாள். "இன்னா சார், இம்மாம் பால்? வூட்ல விசேசமா?" என்றாள். விஷயத்தைக் கேட்டதும், "நல்ல பாலைக் கெடுத்து, கெட்டுப்போனதைத் துணில கட்டி வைக்கப் போறியா? படிச்சவங்களுக்கு இன்னா கேடு!" என்று காலி அண்டாவை எடுத்துக்கொண்டு போனாள்.

பால் திரிந்தது. உப்புப் போட்டு, பிழிந்து, ஆட்டுக்கல் குழவியை மேலே ஏற்றி வைத்தார். அன்றைக்கு வீட்டில் மாவரைக்க முடியாமல் ராத்திரி உப்புமா. மறுநாள் பார்த்தால் உண்டையாக, கெட்டியாக, வெள்ளை வெளேரென்று சீஸ்! பூரித்துப்போய் தன் கல்யாண வேட்டியையே இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியில் சீஸைக் கட்டினார். மறுபாதியைக் கரித்துணிக்கு வைத்துக்கொள் என்று யூனிஸிடம் கொடுத்தார்.

"கட்டைப் பிரிக்கவே கூடாது. தினம் ஒரு தரம் புரட்டிவிடணும், அவ்வளவுதான். தெரிஞ்சுக்கோ."

வெப்பம்தான் முதலில் உயிரை எடுத்தது. ஃபிரிட்ஜின் திருகைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருகினால் ஐஸ். அந்தப் பக்கம் திருகினால் வேர்வை. ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தார். அது பாவம், ஃபிரிட்ஜுக்கு ஜுரம் இல்லை என்பதை மட்டும் சொன்னது. பாரிமுனைக்குப் போய் லேபில் வைக்கிற தெர்மாமீட்டர் வாங்கிவந்து தொங்கவிட்டார். திருகு எந்த இடத்தில் நின்றால் பதிமூன்று என்று கண்டுபிடித்து, அங்கே யூனிஸின் நெயில்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார்.

அடுத்தது ஈரம். ஈரத் துண்டு ஒன்றைக் கம்பித் தட்டில் விரித்தார். சரி, எண்பத்தஞ்சு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அளக்கிற கருவியின் விலையைக் கேட்டுவிட்டு வந்தவர், சாப்பாட்டுத் தட்டில் நமுத்துக் கிடந்த அப்பளத்தைப் பார்த்துத் துள்ளி எழுந்தார்.

"யூனிஸ்! பொரிக்காத அப்பளம் ஒண்ணு கொண்டா! உள்ளே வச்சா, பட்டுனு உடைஞ்சா ஈரம் பத்தல. தொங்கிப்போனா ஈரம் ஜாஸ்தி. வளைஞ்சு கொடுத்தா எண்பத்தஞ்சு!"

"உங்கள மாதிரி."

"என்னது?"

"ஒண்ணுமில்லைங்க. உளுந்தப்பளமா, ஜவ்வரிசி அப்பளமா?"

எல்லாம் சரி. ஆனால் துண்டு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது. ஜெபசீலனோ மத்தியானம் குரோம்பேட்டையில். வேறு வழியில்லாமல் சாவியை யூனிஸிடம் கொடுத்தார். ஒரே ஒரு தரம் திறக்கணும், துண்டை நனைக்கணும், அப்பளத்தை வளைத்துப் பார்க்கணும், மூடிடணும். யூனிஸ் சாவியைச் செயினில் கோத்துக்கொண்டு, "நீங்க கவலைப்படாம போய்ட்டு வாங்க" என்றாள்.

அதன்பிறகு எல்லாமே அமைதியாக நடந்தது. சாயங்காலம் டி.வி.எஸ். ஃபிஃப்டி வாசலில் நின்றதும் ஜெபசீலன் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜிடம் போவார். தெர்மாமீட்டரில் பதிமூன்று. அப்பளம் அழகாக வளையும். தட்டில் கட்டு பத்திரமாக இருக்கும். அதைக் குழந்தையைப் போலப் புரட்டிவிட்டு மோந்து பார்ப்பார்.

"யூனிஸ், வாசனை மாறுது! லேசா ஒரு புளிப்பு!"

"அப்படீங்களா?"

"பழுக்குதுடி! புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. கலர்கூடத் துணிக்கு வெளிய கசியுது பாரு."

"கடவுள் கிருபை" என்று சொல்லிவிட்டு யூனிஸ் மோர் கொண்டுவந்து வைப்பாள். மோர் பல்லைக் கூசவைக்கிற ஜில்லென்று இருக்கும். கேட்டால், மார்கழி வரப்போகுதில்ல, பானைத் தண்ணி அப்படித்தான் இருக்கும் என்பாள். வீட்டில் ஒரு வாரமானாலும் மாவு புளிக்கவில்லை. மல்லிகைப்பூ வாடவில்லை. 'என் வீட்டுக்காரி கெட்டிக்காரி' என்று ஜெபசீலன் நினைத்துக்கொண்டார். அதில் மட்டும் தப்பே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு சம்பத் சொன்னபடி வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சாமுண்டீஸ்வரியும் பால் சொம்போடு வந்து, வேடிக்கை பார்க்க ஓரமாக உட்கார்ந்தாள். ஜெபசீலன் புதுச் சட்டை போட்டிருந்தார். பதிமூன்று டிகிரி, எண்பத்தஞ்சு பர்சென்ட், அப்பளம் என்று ஒரு பிரசங்கமே செய்தார். சம்பத் அப்பளத்தை வளைத்துப் பார்த்து அசந்துபோனார்.

சாவி திரும்பியது. கட்டு வெளியே வந்தது. வெள்ளித் தட்டில் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

கறுப்பு. கன்னங்கரேலென்று ஒரு உருண்டை.

சம்பத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரொம்ப... முத்திடுச்சோ?" என்றார்.

ஜெபசீலன் அவசரமாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "சில ரகம் இப்படித்தான் சார் வரும். வெளிப்பக்கம்தான் கறுப்பு" என்று ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினார். சம்பத் பெரிய மனுஷர், வாயில் போட்டார். முகம் எட்டாய்க் கோணியது. பிறகு கையை வாயில் விட்டு ஒரு கொட்டையை எடுத்தார்.

சாமுண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "அய்ய, இது புளி சார்! பழம் புளி! உங்க சீஸுல கொட்டை கீதா?"

ஜெபசீலனின் கண்ணெதிரே ஆபீஸ் மொத்தமும் வரிசையாக நின்று 'சீஸ் சார்' என்றது. இனி குரோம்பேட்டை பக்கமே தலைகாட்ட முடியாது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் யூனிஸ் உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். தட்டில் இளமஞ்சளாக, துண்டு துண்டாக நறுக்கின சீஸ். சம்பத் ஒன்றை எடுத்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்றை எடுத்தார்.

"ஜெபசீலன், ஹாலந்துல நான் தங்கின வீட்டுல சாப்பிட்டது மாதிரியே இருக்கய்யா! கைகொடு!"

ஜெபசீலன் கையைக் கொடுத்தார். உயிர் திரும்பிவந்தது. நெஞ்சும் நிமிர்ந்துவிட்டது. "எல்லாம் டெம்பரேச்சர் கன்ட்ரோல்தான் சார்" என்றார்.

"எங்கேம்மா வச்சிருந்தீங்க இதை?" சம்பத் யூனிஸைப் பார்த்துக் கேட்டார்.

"குளியலறை ஓரமா ஈர மணல்ல ஒரு மண்பானை இருக்கு சார். அதுக்குள்ள. மேல ஈரத்துணி போட்டு மூடினேன்."

"ஃபிரிட்ஜுல இல்லையா?" ஜெபசீலன் கத்தினார்.

"நீங்க சாவி கொடுத்த ரெண்டாம் நாளே எடுத்துட்டேங்க. நாத்தம் இட்லி மாவுல ஏறிச்சு."

"எந்த இட்லி மாவு?"

"நம்ம மாவுதான். காலைல நீங்க கிளம்பினதும் எல்லாத்தையும் உள்ள வைப்பேன். மாவு, மோர், பூ, சாமுண்டீஸ்வரியோட வெண்ணெய். நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டு, திருகைப் புள்ளிக்குத் திருப்பிடுவேன். நீங்க புரட்ட ஏதாவது வேணுமேன்னு புளியை உங்க மறுபாதி வேட்டில கட்டி வச்சேன்."

"தெனம் அக்கா குடுக்குற ஐஸ் மோரு சோக்கா இருக்கும் சார்" என்று சாமுண்டீஸ்வரி சாட்சி சொன்னாள்.

சம்பத் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். "அப்போ சீஸுக்குப் பானையே போதும். இந்த ஃபிரிட்ஜ் எதுக்குய்யா?"

"நானும் அதைத்தான் சார் கேக்கறேன்" என்றாள் யூனிஸ், ரொம்பப் பணிவாக. ஜெபசீலன் என்ன சொல்வார்? மேனேஜர் முன்னால், அதுவும் அவர் வாயில் சீஸ் இருக்கும்போது? "வச்சுக்கோ" என்றார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் ஜெபசீலன் டி.வி.எஸ். ஃபிஃப்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. தொண்டை காய்ந்து கிடந்தது. பானையைத் திறந்தார். உள்ளே சம்பத் ஆர்டர் கொடுத்த இரண்டாவது சீஸ் இருந்தது. ஃபிரிட்ஜைப் பார்த்தார். பூட்டியிருந்தது. சாவி யூனிஸின் செயினில் ஆடிக்கொண்டிருந்தது.

"யூனிஸ், ஒரு டம்ளர் ஜில் தண்ணி கொடேன். நாக்கு வறண்டுபோச்சு."

யூனிஸ் முறத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"காலைலதாங்க திறந்தேன். அடிக்கடி திறந்தா டெம்பரேச்சர் போயிடும்."