ஆயிரத்து நானூற்று நாற்பது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வஞ்சிரம் வறுவல் உள்ளே போன மயக்கத்தில், எத்திராஜ் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். மனைவிக்குத் தெரியாமல் இன்று கேரம் ஆடிவிடுவது.

கம்ப்யூட்டர் கேரம். கம்பெனியில் உடன் வேலை பார்க்கும் தேவா பென் டிரைவில் போட்டுக் கொடுத்தது. சுண்டினால் காய் நிலா வெளிச்சத்தில் படகு போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்று சொல்லியிருந்தான்.

ஒரே ஒரு தடை. கம்ப்யூட்டர் கலைவாணியுடையது. மண்ணூர்பேட்டை வீட்டின் முன்னறையில், அவள் போடும் பிளவுஸ் எம்பிராய்டரி டிசைன் அத்தனையும் அதற்குள்தான். போன மாதம் எத்திராஜ் அதை 'வேகமாக்க' ஏதோ ஒன்றை ஏற்றப்போய், அது மூன்று நாள் மௌனவிரதம் இருந்தது. ஆவடியில் ஒரு கல்யாணப்பெண் எம்பிராய்டரி இல்லாத மொட்டைக் கழுத்து பிளவுஸோடு மேடை ஏறினாள். அன்றைக்கே கலைவாணி சட்டம் போட்டாள்: ரீஸ்டோர் பாயிண்ட் வைக்காமல் எதையும் ஏற்றக் கூடாது.

"அப்டின்னா இன்னா?" என்று கேட்டார் எத்திராஜ்.

"இன்னிக்கு எப்டி கீதோ, அத கம்ப்யூட்டரு ஞாபகம் வெச்சிக்கும். நாளிக்கு நீ கெடுத்து வெச்சாலும், இந்த நாளுக்கே திரும்பி வந்துர்லாம்."

கலைவாணி எதையும் பாயிண்ட் பாயிண்டாகத்தான் பேசுவாள். ஆனால் இந்த ஒரு பாயிண்ட் எத்திராஜை எங்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடந்துபோன நாளுக்கே திரும்பிப் போவதா! தலையில் முடி இருந்த ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. பூந்தமல்லி ரோட்டில் கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டிய ஒரு சாயங்காலம். பஸ்ஸில் போகும்போதெல்லாம் தேதி தேதியாகப் பொறுக்கிக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தை இரண்டு தடவை தவறவிட்டார்.

இன்று கலைவாணி தன் அக்கா கன்னியம்மாளைப் பார்க்க நெமிலிச்சேரிக்கு ரயிலேறியிருந்தாள். வர ஆறு மணியாகும். முதலில் பாயிண்ட் வைக்க வேண்டியது. அப்புறம் கேரத்தை ஏற்றி ஆட வேண்டியது. ஐந்து மணிக்குப் பழைய நிலைக்கே திரும்பிவிட வேண்டியது. குற்றமே நடக்காத குற்றம்!

பாயிண்ட் வைக்கும் இடத்தை அரைமணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. தேவாவைப் போனில் பிடித்தார்.

"இரு மாமே, ரெண்டு நிமிசத்துல சொல்றேன்" என்று வைத்தான். சொன்னபடியே ஒருவரிக் கட்டளை ஒன்று வந்தது. கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் நீல ஜன்னலைத் திறந்து எழுத்துக் கூட்டி அடித்தார். சிவப்பு சிவப்பாகத் திட்டியது.

"அனுமதி இல்லன்றதுடா."

"இரு மாமே." மறுபடி இரண்டு நிமிடம். "ரைட் கிளிக் பண்ணி, அட்மினா தொற."

திறந்தார். இப்போது திட்டு மஞ்சளில் வந்தது. அணைத்துப் போட்டு அடித்தார். அதே மஞ்சள்.

"புதுசா வெக்க முடியாதாம். ஆயிரத்து நானூத்தி நாப்பது நிமிசத்துக்குள்ள ஏற்கெனவே ஒண்ணு வெச்சாச்சாம்."

இந்த முறை தேவா நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டான். "அது ஒரு நாளு மாமே. நேத்தி சாய்ந்தரம் யாரோ வெச்சிக்கீறாங்க."

"யாரு?"

"உன் ஊட்ல எத்தினி பேரு கீறாங்க? உடு, நல்லதாப் போச்சு. கேரத்த ஏத்து. முட்சிட்டு அந்தப் பாயிண்டுக்கே திரும்பிக்க."

எத்திராஜ் மிதந்தார். காய்கள் நிஜமாகவே படகு போலப் போயின. ஜன்னல் வழியே வெயில் மஞ்சளாகி, விசிறிக்காற்றில் திரைச்சீலை மெல்ல ஆடிக்கொண்டிருக்க, சிவப்புக்காய் ஒன்று குழியின் விளிம்பில் நின்று யோசித்தது. அவரும் அதோடு சேர்ந்து யோசித்தார். நிமிர்ந்து பார்த்தால் ஐந்தே முக்கால்.

பதறிப்போய், திரும்பும் இடத்தைத் திறந்தார். பட்டியலில் ஒரே ஒரு பாயிண்ட். நேற்று மாலை ஆறு பத்து. வைத்தவர் அதற்கு ஒரு பெயரும் கொடுத்திருந்தார்: 'எத்தி கை வைக்கிறதுக்கு முன்னாடி.'

வேறு வழி? அதையே அழுத்தினார். திரை நீலமாகி, நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னாயா, ரீஸ்டோர் ஆவுதா?" என்றபடி கலைவாணி பையை இறக்கி வைத்தாள்.

"உ... உனக்கு எப்டி..."

"தேவாவுக்கு இன்னா தெரியும்? ஒவ்வொரு வாட்டியும் எனக்குப் போன் பண்ணிக் கேட்டுகினே இருந்தான். நாந்தான் ரயில்ல குந்திகினு சொன்னேன்."

"தெரிஞ்சும் உட்டியா?"

"தடுத்தா இன்னொரு நாளு பாயிண்ட் இல்லாத நேரமாப் பாத்து பண்ணுவ. அதான்."

வட்டம் சுற்றியது. அணைக்கவும் கூடாது, எழுந்து போகவும் முடியாது. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நீல வெளிச்சத்தில் முன்னறையே தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது. எத்திராஜுக்கு மறுபடி கனவு வந்துவிட்டது.

"ஏன் கலை, நம்ம வாழ்க்கைக்கும் இப்டி ஒண்ணு இருந்தா, நீ எந்த நாளுக்குப் போவ?" சற்றே பயத்துடன் சேர்த்துக்கொண்டார்: "கல்யாணத்துக்கு மொத நாளா?"

கலைவாணி வட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"போயி? மறுநாளு காத்தால மாலையும் கழுத்துமா நீதான வந்து நிப்ப?"