திரும்பத் திரும்ப முதல் பேஸ்

ரொட்டிக்கடையில் அவனுக்குப் பெயர் 'புதுசு'. வயது இருபத்துமூன்று. இப்போது இருக்குமிடம், முதல் பேஸ்.

ரொட்டிக்கடைக்கும் சலவைக்கடைக்கும் பேஸ்பால் ஆட்டம். ஆள் பற்றாமல் இவனை இழுத்து வந்திருந்தார்கள். மட்டையைப் பிடித்ததும் வந்த முதல் பந்தே முழங்கையைப் பதம் பார்த்தது. உட்காரப் போனவனிடம், "பந்து மேல பட்டா சும்மாவே முதல் பேஸ் கிடைக்கும். போய் நில்லுடா" என்றார்கள்.

போனால், அங்கே காவலுக்கு நின்றது சலவைக்கடைப் பெண்.

மாவு அப்பிய ஏப்ரன்களை வாராவாரம் அவளிடம்தான் கொண்டுபோய்ப் போடுவான். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை நடக்கும். கவுன்ட்டரைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்றைக்காவது அவள் கண்ணுக்கு ஓர் ஆளாகத் தெரிந்துவிட வேண்டும்.

அடுத்து மட்டையோடு வந்தார் ரொட்டிக்கடை அடுப்படி அண்ணன். ஓங்கி ஒன்று விட்டார். புதுசு தலைதெறிக்க ஓடி இரண்டாவது பேஸில் போய் விழுந்தான்.

"திரும்பி வாங்க" என்று கூப்பிட்டாள் அவள். "பந்து கோட்டுக்கு வெளிய போச்சு. ஃபவுல். ஃபவுலுக்கு ஓடினது செல்லாது, பழைய எடத்துக்கே வந்துரணும்."

"சரிங்கக்கா."

வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

"அக்காவா?" என்று அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

அடுத்த அடிக்கு அவன் அசையவே இல்லை. அதுவும் வெளியேதான் போனது. ஆனாலும் சொந்தக் கட்சியே வைதது. "காலுக்கு ஆணி அடிச்சு வச்சிருக்கியாடா?"

"பந்து உருண்டு போனா உடனே கெளம்புங்க" என்றாள் அவள், தணிந்த குரலில். "ஒசரப் போனா பாதி வழியில நின்னு பாருங்க. வெளிய போனா நான் கூப்புடுறேன்."

எதிர்க்கட்சிக்காரி. அவனுக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த அடிக்கு, அவள் கூப்பிடுவதைக் கேட்க முகத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டே ஓடியவன், இரண்டாவது பேஸில் நின்ற இஸ்திரிக்காரர் மேல் மோதி அவரோடு சேர்ந்து உருண்டான். ஃபவுல். நொண்டிக்கொண்டு திரும்பியபோது, வழியில் கழன்ற ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் அவள்.

"எங்க அண்ணன் இன்னும் அவுட் ஆகலையாங்க?"

"ரெண்டு ஸ்ட்ரைக் ஆயிருச்சு, மூணு ஆனாத்தான் அவுட். இனிமே எத்தன ஃபவுல் அடிச்சாலும் அது கணக்குல சேராது, யாரும் புடிக்காத வரைக்கும் அவுட் இல்ல."

"அப்ப நான்?"

"நீங்க இங்கயேதான்" என்று சிரித்தாள்.

அண்ணன் விடவில்லை. வேலிக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, நிறுத்தியிருந்த சைக்கிளுக்கு ஒன்று. இவன் ஓடுவதும் அசடு வழியத் திரும்புவதுமாக இருக்க, மைதானமே சிரித்தது. கடைசியில் அண்ணன் காற்றை அடித்து அவுட்டானார். அது மூன்றாவது அவுட், மட்டை சலவைக்கடை கைக்கு மாறியது. அவள் கையுறையைக் கழற்றியபடி நடந்துபோனாள்.

புதுசுக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே அண்ணனிடம் போனான்.

"ஒரு பந்தையாவது உள்ள அடிச்சிருக்கலாமேண்ணே. அவ முன்னாடி என் மானத்த வாங்கிட்டீங்களே."

அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"வேணும்னே வெளிய அடிச்சு அடிச்சு எனக்குத் தோள்பட்டையே கழண்டுபோச்சுடா. அந்தப் பொண்ணு பேரையாவது கேட்டியா, அதச் சொல்லு."