ஆக்‌ஷன் என்றால் பறக்க வேண்டும்

சர்க்கஸ் என்ற கலை இத்தனை காலம் பூமியில் இருந்ததன் நோக்கம், எங்கள் இயக்குநர் அதைப் பற்றி ஒரு படம் எடுப்பதுதான். இதைச் சொன்னவர் எங்கள் இயக்குநர். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை.

ஒரு சர்க்கஸ் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. மூன்று தலைமுறைக்கும் ஒரே கதாநாயகன். மீசை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கதைக்கு ஒரு கூட்டம் போட்டார்கள், மீசைக்கு நான்கு.

அந்தக் குடும்பம் என் மனைவியின் குடும்பம். கூடாரத்தைத் தொடங்கியவர் அவளுடைய தாத்தா. அவள் அப்பா, அதாவது என் மாமா, ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பறந்து வருகிறவர்களைப் பிடிப்பவர். அவளும் அவள் தங்கையும் பறப்பவர்கள். நான் விளக்கு போடுபவன். கல்லூரியில் படித்தவன் என்பதால் படக் கம்பெனி என்னை ‘உணர்ச்சி ஆலோசகர்’ ஆக நியமித்தது. மனைவி இறந்து வருஷம் திரும்பவில்லை என்பது கூடுதல் தகுதி.

கண்ணாடி அறை. நீள மேஜை. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில்.

"அவங்க விழுந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"விளக்கை அணைச்சேன்."

"அணைச்சிட்டு அழுதீங்க."

"இல்ல சார். கோமாளிய உள்ள அனுப்பினேன். யாராவது விழுந்தா அதான் வழக்கம். ஜனங்க பயந்துடக் கூடாது."

"அய்யோ, ஆடியன்ஸ் ஒத்துக்க மாட்டாங்களே!"

கைகள் உயர்ந்தன. நான் அழுதேன் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சட்டையைக் கிழித்துக்கொண்டேன் என்பது மட்டும் ஒரு வாக்கில் தோற்றது.

அடுத்து விவாதத்துக்கு வந்த பொருள்: அவள் ஏன் விழுந்தாள்?

இதற்கு ஆலோசகர் தேவையில்லை. அவள் விழுந்த அன்று காட்சிக்குச் சிறப்பு விருந்தினரே எங்கள் இயக்குநர்தான். பறப்பவள் எந்த நொடியில் கையை விட வேண்டும் என்பது பிடிப்பவருக்குத்தான் தெரியும். அவர் "வா" என்பார். அவள் வருவாள். ஊஞ்சல் ஆடும் நேரத்தில் எங்கள் கூடாரத்தில் வேறு யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள், குழந்தையைக் கூப்பிடக்கூட. முதல் பாய்ச்சலில் இயக்குநர் அந்த "வா"வைக் கேட்டார். ரசித்தார். இரண்டாவது பாய்ச்சலின்போது, கையில் மைக் இருந்ததால், தானே சொன்னார். மாமாவின் ஊஞ்சல் அப்போது பாதி வழியில்தான் இருந்தது. அவள் வலையின் ஓரத்தில் விழுந்தாள். வலையின் ஓரம் என்பது தரைதான்.

"நீங்க மைக்ல ‘வா’ன்னீங்க சார்," என்றேன்.

"அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன், இது படம்னு." அவருக்குக் கண் கலங்கியது. "ஆனா ஒரு மைக்குக்காக ஹீரோயின் சாக முடியுமா? மோட்டிவ் வேணும். புருஷன் சந்தேகப்பட்டான்னு வச்சுக்குவோம்."

"எந்தப் புருஷன் சார்?"

"உங்க கேரக்டர்தான். தப்பா எடுத்துக்காதீங்க. வெயிட்டான ரோல்."

நன்றி சொன்னேன்.

பறக்கும் காட்சியில் கதாநாயகிக்குப் பதிலாக என் மச்சினி. பிடிக்க மாமா. அவள் விழுந்ததிலிருந்து கூடாரம் மடித்துக் கிடந்தது. தேடி வந்த வேலை இது ஒன்றுதான். வலையை மாமா தானே கட்டினார். முடிச்சுகளை யாரையும் தொட விடவில்லை.

தகரக் கூரை போட்ட ஸ்டூடியோவில் இயக்குநர் உயரமான நாற்காலியில் மைக்குடன் அமர்ந்தார்.

"நான் ஆக்‌ஷன்னதும் பொண்ணு பறக்கணும். பெரியவரே, நீங்க வாயைத் திறக்காதீங்க. அந்த இடத்துல மியூசிக் போடறோம்."

"நான் கூப்பிட்டாதான் வருவா," என்றார் மாமா.

"செட்டுல ஒரே குரல்தான். அதுதான் தொழில் ஒழுங்கு."

"அது ஊஞ்சலுக்குத் தெரியாதே தம்பி."

"பழக்கிக்கலாம்."

மச்சினி அப்பாவின் கையை இழுத்தாள். "நீ கூப்பிடுப்பா. நான் வரேன். வேற யார் கூப்பிட்டாலும் இந்தக் காது செவிடு."

இருவரும் ஏறினார்கள். ஊஞ்சல்கள் ஆடத் தொடங்கின.

"ஆக்‌ஷன்!"

மச்சினி ஆடினாள். கையை விடவில்லை.

"ஆக்‌ஷன்! ஏம்மா, காது கேக்கலையா?"

"நல்லா கேக்குது சார்," என்று மேலிருந்து குரல் வந்தது. "அதான் வரலை."

இன்னும் பெரிய ஸ்பீக்கர் கேட்டார். வந்தது. கலையில் முன்னேற்றம் என்பது இதுதான். இப்போது "ஆக்‌ஷன்" என்றபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. மாமாவின் வாய் அசைந்தது, சத்தம் ஸ்பீக்கரில் அமுங்கிப்போனது. மச்சினி அந்த வாயையே பார்த்துக்கொண்டு ஆடினாள்.

"கட்!" என்றார் இயக்குநர். பிறகு யோசித்தார். அது அரிய காட்சி என்பதால் எல்லோரும் எழுந்து நின்றோம்.

"புரிஞ்சிடுச்சு! அந்தப் பொண்ணுக்கு ‘வா’ன்னாதானே பழக்கம்? நானே சொல்லிடறேன்."

மைக்கை வாயருகே கொண்டுபோனார். நான் ஒயரைப் பிடுங்கினேன்.

அவர் வாய் திறந்தது, மூடியது. மேலே எதுவும் போய்ச் சேரவில்லை. அந்த அமைதியில் மாமா "வா" என்றார். மச்சினி கையை விட்டாள். காற்றில் ஒரு முறை சுழன்றாள். மாமாவின் கைகள் அவள் மணிக்கட்டுகளைப் பற்றிய சத்தம் கீழே வரை கேட்டது.

கேமராக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை. யாரும் ஆக்‌ஷன் சொல்லவில்லையே.

"யாரைக் கேட்டுப் பறந்தா?" என்று கத்தினார் இயக்குநர்.

"அவங்க அப்பாவைக் கேட்டு," என்றேன்.

கீழே இறங்கிய மாமா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஷாக் கீக் அடிச்சுதா மாப்ள?"

"இல்ல மாமா."

ஒழுங்கீனத்துக்காக மூவரும் நீக்கப்பட்டோம். காட்சியைக் கம்ப்யூட்டரில் செய்தார்கள். அது சொன்ன சொல் கேட்கும்.

படம் நன்றாக ஓடுகிறது. மூவரும் போய்ப் பார்த்தோம். அதில் ஒரு நாயும் வருகிறது. அதனால் தொடக்கத்தில், கறுப்புத் திரையில், ஓர் உறுதிமொழி: ‘இப்படத்துக்காக எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை.’

"அடுத்து மனுஷங்களைப் பத்திப் போடுவாங்க பாருங்க," என்றாள் மச்சினி.

போடவில்லை. எங்கள் இயக்குநர் நாணயமான மனிதர். கதையில் பொய் சொன்னவருக்கு உறுதிமொழியிலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.