ஈரத்தலைக் கணக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத்தான் கடலூரில் என் மானம் கப்பலேறத் தொடங்கியது. சிதம்பரம் மாப்பிள்ளைக்கு நான் போன் செய்த நேரம் அது.

நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. (இனப்பெருக்கப் பாடம் வந்தால் "இது முக்கியம், வீட்ல நல்லா படிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவும் ரகம்.) என் மகள் நித்யாவுக்கு முப்பத்தொரு வயதில்தான் கல்யாணம் ஆனது. எட்டு மாதமாகியும் விசேஷம் இல்லை. குறை எதுவுமில்லை, கரு தங்கக்கூடிய நாட்களைக் கவனித்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஆடி பிறந்தது. தலை ஆடிக்குப் பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆடியில் உண்டானால் சித்திரையில் பிறக்கும், சித்திரைப் பிள்ளை ஆகாது. இது சம்பந்தியம்மாவின் சட்டம். நித்யாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதும் அவர்தான். ஒரு மாதம் வீணாய்ப் போகிறதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் முட்டையும் விந்தணுவுமே கண்ணில் நின்றன.

கணக்கு எனக்குத் தெரியும். பதினான்காம் நாள் கருமுட்டை வெளியாகும். ஆனால் முதல் நாள் எது? மகளைக் கேட்க வாய் வரவில்லை. என் மாமியார் காலத்தில் யாரும் கேட்டதில்லை. ஒதுங்கியிருந்த பெண் தலைக்குக் குளித்து, துண்டு சுற்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்தால் அதுதான் அறிவிப்பு. அவர் அந்த நாளிலிருந்துதான் விரல்விட்டு எண்ணுவார். பட்டம் வாங்கிய நானும் அதையே செய்தேன். நித்யாவின் தலையில் துண்டு எப்போது ஏறும் என்று காவல் காத்தேன்.

நடுவில் நித்யா பரங்கிப்பேட்டையில் இருக்கும் தோழி வீட்டுக்கு என்று போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். வந்ததும் குளித்தாள். துண்டு ஏறியது. நான் எண்ணத் தொடங்கினேன்.

பதினான்காம் நாள்தான் அந்த ஞாயிறு. சம்பந்தியம்மாவுக்குத் தெரியாமல் மாப்பிள்ளை பிரபுவை வரவழைக்க ஒரு காரணம் வேண்டும்.

"மாப்ளே, நித்யாவுக்குக் காலைலேர்ந்து லேசா தலைசுத்துது. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

(புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்குத் தலைசுற்றினால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது போனை வைத்த பிறகே உறைத்தது.)

அடுத்து வீட்டுக்காரரைக் கிளப்பினேன். "வாங்க, சில்வர் பீச்சுக்குப் போய்ட்டு வருவோம்."

"பத்து மணி வெயில்ல பீச்சுக்கா? உனக்குத்தான்டி தலைசுத்துது."

நித்யா இன்னும் அறையை விட்டு வரவில்லை. நான் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பதினொன்றரைக்குக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கவில்லை. சம்பந்தியம்மா இறங்கினார். பின்னாலேயே மல்லிகைப் பூ, மாதுளை, ஒரு டஜன் கண்ணாடி வளையல், சம்பா சாதம், ஒரு தூக்கு நிறைய கத்தரிக்காய் கொத்சு எல்லாம் இறங்கின.

"தலைசுத்தல்னு பிரபு போன்ல சொன்னான். அவன் குறிஞ்சிப்பாடில வேலையா இருக்கான், பைக்ல வந்துடுவான். எனக்குதான் கை கால் ஓடல சம்பந்தி! காருலயே கணக்குப் போட்டுட்டேன். ஆடிக்கு முன்னாடியே உண்டாயிருக்கு. அப்போ பங்குனி! சித்திரைக்குப் பயமில்ல!"

ஆக, நான் ஒரு கணக்கு, அவர் ஒரு கணக்கு. இரண்டுக்கும் சொந்தக்காரி அப்போதுதான் அறைக்கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. வயிற்றோடு வெந்நீர்ப் பையை அணைத்திருந்தாள்.

"யாருக்குத் தலைசுத்தல்?" என்றாள். வளையலைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "அத்தை, எனக்குக் காலைலதான் வந்துச்சு."

சம்பந்தியம்மா வளையல்களைச் சத்தம் வராமல் பைக்குள் வைத்தார். அந்தச் சத்தமின்மை இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுப்படிக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள் நித்யா. "என்னாம்மா பண்ண நீ?"

சொன்னேன். துண்டு வரைக்கும் சொன்னேன்.

"பஸ்ல வந்தது ஒரே புழுதிம்மா! அதான் குளிச்சேன்! குளிச்ச நாள யாராவது எண்ணுவாங்களா? ரத்தம் பட்ட மொத நாள்லேர்ந்து எண்ணணும். முட்ட வர்றது அடுத்த பீரியட்ஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, அதுவும் சுமாராத்தான். அந்த நாளும் அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளும்தான் கணக்கு. நீ டீச்சர்தான?"

"அப்போ அந்த நாளு..."

"எப்பவோ போயிடுச்சு. பரங்கிப்பேட்டைல தோழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரும் நானும்தான் அங்க ரூம் எடுத்துத் தங்கினோம்." வெந்நீர்ப் பையை மேடையில் வைத்தாள். "இந்தத் தடவ நின்னுடும்னு நெனச்சேம்மா. காலைல பாத்ரூம்ல ஒரு மூச்சு அழுதுட்டுதான் வந்தேன். மாசாமாசம் நான் ஒருத்தி ஏமாந்தா போதாதா? இன்னிக்கு ஊரையே கார் வெச்சு ஏமாற வெச்சுட்டியே."

அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பிரபுவிடம் பேசுகிறாள் என்று தெரிந்தது; 'துண்டு' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. திரும்பி வந்து, சம்பந்தியம்மா போட்ட சாதத்தை யார் முகத்தையும் பார்க்காமல் பிசைந்துகொண்டிருந்தாள். அடுக்கடுக்காக மேகம் கூடி, வெயில் மறைந்து மழை கொட்டியது.

இது நடந்து ஒரு வருடமாகிறது. இன்றும் எங்கள் வீட்டில் யார் தலைக்குக் குளித்தாலும் "டீச்சர் பாத்துட்டாங்களா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு என் கண்ணில் படாமல் ஓடுகிறார். இதையெல்லாம் ஆரம்பித்துவைத்தது, அன்று கடைசியாக வந்து சேர்ந்த ஆள்.

பைக் சத்தம் கேட்டது. பிரபு சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசலில் நின்றார். நித்யாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நான் நீட்டிய துண்டை வாங்காமல் ஒரு அடி பின்னால் போனார்.

"அத்தை, இது மழைல நனைஞ்சது. நீங்க பாட்டுக்கு எண்ண ஆரம்பிச்சிடாதீங்க."

சாதத்தில் கை வைத்தபடியே நித்யா சிரித்துவிட்டாள்.