நாரைகள் முறைப்படி வந்து சேர்ந்த கதை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஆக்கிரமிப்பு போக மீதி ஏரி. அதன் நடுவே சில கடம்ப மரங்கள் நின்றன. ஆண்டுதோறும் மழை தொடங்கியதும் எங்கிருந்தோ நத்தைகுத்தி நாரைகள் வலசை வரும். மரங்களில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளுக்கு இறகு முளைத்ததும் கூட்டிக்கொண்டு போய்விடும். இதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை, நத்தைகளைத் தவிர.

அந்தக் காட்டுக்குத் தலைவர் ஒரு சிங்கம். எங்கள் பக்கத்துக் காடுகளில் சிங்கம் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கதை என்றால் சிங்கம்தான் தலைவர் என்று ஆகிவிட்டது, நான் ஒருவன் என்ன செய்ய முடியும்? அது பக்கத்துக் காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அங்கே மயில்களுக்கு விழா எடுப்பதைப் பார்த்துவிட்டது. திரும்பி வந்ததும், "நம்ம ஏரிக்கும் பறவை வருதுல்ல? ஒரு விழா எடுங்க" என்றது. உடனே வலசைத் திருவிழாக் குழு அமைந்தது. பறவைகளோடு நீண்ட காலத் தொடர்பு உள்ளவர் என்பதால் உடும்பு மருதமுத்துவைக் குழுத் தலைவராகப் போட்டார்கள். அந்தத் தொடர்பு முட்டை தின்கிற தொடர்பு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மழை வந்தது. நாரைகளும் வந்தன. அவற்றில் வடிவு என்பவளும் அவள் கணவன் பொன்னையனும் முன்னால் வந்தார்கள். வடிவின் வயிற்றில் முட்டை இருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கிளையும் கொஞ்சம் சுள்ளியும்தான். கடம்ப மரத்தில் காலை ஊன்றப் போனவளைக் கீழேயிருந்து உடும்பு நிறுத்தியது.

"யாரும்மா நீங்க?"

"வருஷா வருஷம் வர்ற நாரைங்கதாண்ணே. போன வருஷம் என் முட்டையத் தின்னீங்களே, ஞாபகம் இல்லையா?"

"அது பழைய விஷயம். இப்ப யாரைக் கேட்டு வந்தீங்க?"

"மழை பெஞ்சுது, வந்துட்டோம்."

"அப்படியெல்லாம் வரக் கூடாதும்மா. வரவேற்பு ஞாயித்துக்கிழமைதான். வரவேற்காம எப்படி வந்திருக்க முடியும்?"

அப்போதுதான் வடிவு கவனித்தாள். மரத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அந்தக் காட்டில் இது புதிதல்ல. கோடையில் வெட்டிய தண்ணீர்க் குழியைத் தலைவர் வந்து திறக்க வேண்டும் என்று ஓலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவருக்கு நேரம் கிடைத்தபோது அடுத்த மழையே வந்துவிட்டது.

"வயித்துல முட்டை இருக்குண்ணே. தாங்காது" என்றாள் வடிவு.

உடும்பின் முகம் கனிந்தது. முட்டை என்ற சொல்லைக் கேட்டால் அதன் முகம் எப்போதும் கனியும். "நல்லபடியா இடுங்க. விழா முடிஞ்சு இடுங்க. அதுவரைக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருந்துட்டு, சொல்லி அனுப்புறப்ப எல்லாரும் சேர்ந்தாப்புல வாங்க."

மலைக்கு அந்தப் பக்கம் வெறும் பாறை. நாரைகள் அதில் உட்கார்ந்து காத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை தலைவருக்கு வயிறு சரியில்லை. அடுத்த ஞாயிறு ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இறந்த மானை முந்தின நாள் சாப்பிட்டதே அவர்தான் என்பதால் தவிர்க்க முடியவில்லை. நடுவில் ஒத்திகை மட்டும் தவறாமல் நடந்தது. நாரைகள் மலையைத் தாண்டி வந்து இறங்க வேண்டும், தவளைகள் வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும், பிறகு நாரைகள் திரும்பிப் போக வேண்டும்.

"தூரத்துலேருந்து வர்ற மாதிரி இல்லையே. கொஞ்சம் களைப்பாத் தெரியணும்" என்றது உடும்பு.

"களைப்பாத்தான் இருக்கோம்" என்றான் பொன்னையன்.

"இருக்கலாம். ஆனா தெரியல. மறுபடியும் போயிட்டு வாங்க."

ஏரிக்கரையில் பெரிய பேனர் கட்டினார்கள். அதில் முக்கால்வாசி சிங்கம் இருந்தது. மிச்ச மூலையில் வெள்ளையாக ஒரு பறவை.

"அது யாரு?" என்று வடிவு கேட்டாள்.

"அன்னம்."

"அன்னம் இங்க வர்றதே இல்லையேண்ணே."

"உங்க படத்தைப் போட்டுப் பார்த்தோம்மா. வாய் மூடாம இருக்குது. கொட்டாவி விடுற மாதிரி தெரியும்னு எடுத்துட்டோம்."

நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாது. நத்தை தின்பதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. வடிவுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிட வயிறு கனமாக இருந்ததால் பாறைக்கே திரும்பிப் போனாள்.

கடைசியில் விழா நாள் வந்தது. நாரைகளைக் காலையிலேயே வரவழைத்து ஓரமாக நிறுத்தினார்கள். மேடை போட்டுத் தோரணம் கட்டியதில் ஏரியைச் சுற்றி ஒரு சுள்ளி மிச்சமில்லை. தலைவருக்காக மேடை நடுவில் இலவம் பஞ்சு திணித்த நாற்காலி. காலையில் வர வேண்டிய சிங்கம் மதியம்வரை வரவில்லை. எல்லோரும் வரவேற்பு வளைவுக்கு அருகே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவால் அதற்குமேல் முடியவில்லை. மரத்தில் ரிப்பன், தரையில் கூட்டம். அந்தக் காட்டிலேயே மெத்தென்று, ஆளில்லாமல் இருந்த இடம் ஒன்றுதான். அதில் போய் உட்கார்ந்தாள்.

சிங்கம் மேடையேறியபோது தவளைகள் பாட்டைப் பாதியில் நிறுத்தின.

"மன்னிச்சுக்குங்க ஐயா. முட்டை இட்டுட்டேன். எந்திரிக்க முடியாது" என்றாள் வடிவு. சிறகைத் தாழ்த்தி முட்டையை மூடிக்கொண்டாள்.

சிங்கம் கையை ஓங்கியது. பொன்னையன் கண்ணை மூடிக்கொண்டான். மைக் வைத்திருந்தது ஒரு கரிச்சான் குருவி. மைக்கில் சத்தம் நின்றால் அதற்குக் கை கால் ஓடாது. "ஒரு பறவைக்காகத் தன் நாற்காலியையே விட்டுக்கொடுத்த எங்கள் தலைவர் அவர்களே!" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டது. கூட்டம் கைதட்டியது. ஓங்கிய கையை என்ன செய்வதென்று ஒரு கணம் யோசித்த சிங்கம், அதைக் கூட்டத்தைப் பார்த்து ஆட்டியது.

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. சிங்கத்துக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு கரடிகளைக் காவல் போட்டது. உடும்பை அருகில் கூப்பிட்டு, "இந்த முட்டைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் தோல்ல கஞ்சிரா கட்டிருவேன்" என்று காதோடு சொன்னது. பிறகு ரிப்பனை வெட்டி, நாரைகள் வந்துவிட்டதாக அறிவித்தது.

மற்ற நாரைகள் தோரணத்தைப் பிரித்த சுள்ளியை எடுத்து முறைப்படி மரத்தில் கூடு கட்டி முட்டையிட்டன. அந்த வருடம் மரத்தில் ஒரு முட்டைகூடக் குஞ்சு பொரிக்கவில்லை. கண்காணிப்புக்காகக் குழுத் தலைவர் அடிக்கடி மரம் ஏறியதாகச் சொன்னார்கள். நாற்காலி முட்டை மட்டும் பொரிந்தது. தலைவரே வெற்றிச்செல்வன் என்று பெயர் வைத்தார்.

ஏரி வற்றியது. நாரைகள் கிளம்பின. வெற்றிச்செல்வனைக் கரடிகள் விடவில்லை. அவன் விழாவின் சின்னமாகிவிட்டான், வெளியே போக முடியாது என்றார்கள். வடிவு அழுதாள். ஆனால் உயிரோடு இருக்கும் ஒரே பிள்ளை, அதுவும் கரடிக் காவலில் இருக்கிறான் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டு பறந்து போனாள்.

அடுத்த மழைக்கு அவள்தான் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். வழியெல்லாம் மகன் நினைப்பு. வயிற்றில் மறுபடியும் முட்டை. மகன் அதே நாற்காலியில், கழுத்தில் மாலையோடு கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தான். கரடிகள் நத்தையை உடைத்து ஊட்டியே வளர்த்ததால் அவன் அலகில் இடைவெளி விழவே இல்லை, வாய் அழகாக மூடியது. அந்த வருடப் பேனரில் அவன் படம்தான். பக்கத்தில் உடும்பு கைகட்டி நின்றது.

"டேய், அம்மாடா" என்றாள் வடிவு.

"தெரியுதும்மா" என்றான் மகன். "யாரைக் கேட்டு வந்தீங்க?"

"உன் தம்பி வயித்துல இருக்கான்டா."

"நல்லபடியா இடுங்க. விழா முடிஞ்சு இடுங்க."

வடிவு நாற்காலியைப் பார்த்தாள். அதில் இன்னொருவருக்கு இடமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பறந்து போனாள். உடும்பின் முகம் கனிந்தது.

நீதி: முட்டையைத் தலைவரின் நாற்காலியில் இடுங்கள், பத்திரமாகப் பொரியும். அடுத்த முட்டைக்கு வேறு தலைவரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.